கூவினால் கழலும் பல்செட்டு

சௌந்தரவல்லியின் பிழைப்பு தொண்டையில் இருந்தது. திருவேட்டக்குடியில் காலையில் மீன் எடுத்து, பஸ் ஏறி வந்து, கோவில்பத்துத் தெருக்களில் கூவி விற்பவள். தெருமுனையில் நின்று "சங்கரா... நெத்திலீ..." என்று அவள் இழுத்தால் கடைசி வீட்டு அடுப்படிவரை கேட்கும். மாடி வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள்.

2007இல், ஐம்பத்தெட்டு வயதில், மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டுப் பல்செட்டு வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து குரலுக்குக் கேடு வந்தது. வாயை அகலத் திறந்தால் கீழ்செட்டு எழும்பி வந்தது. நாக்கால் அதை அமுக்கிக்கொண்டு கூவினால் சத்தம் எதிர் வீட்டுக்கே எட்டவில்லை. கழற்றிவிட்டுக் கூவினாலோ வெறும் காற்று. கீழ் வீடுகளின் கதவைத் தட்டிப் பார்த்தாள். தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்று திட்டினார்கள். தினமும் பாதிக் கூடை மிஞ்சியது.

காரைக்காலில் பல் டாக்டர் சோமசேகரனிடம் போனால் ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். பாதி நாள் காத்திருக்க வேண்டும். உதவியாளர் பிரதீபா நாற்காலியில் சாய்த்து வைப்பாள். டாக்டர் செல்போனைத் தோளில் இடுக்கியபடி வந்து, செட்டை விரலால் அழுத்தி, "ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க" என்பார். அவளும் சொல்வாள். செட்டு அசையாது.

"நல்லாத்தான நிக்கிது? பழகிடும்மா."

கடைசியாகப் போன அன்றைக்கும் அதையே சொன்னார்.

"போன வாரமும் இதான் சொன்னீங்க, தம்பி."

"சாப்புட முடியுதா?"

"முடியுது."

"பேச முடியுதா?"

"இப்ப என்னா பண்ணிக்கிட்டு இருக்கேன்?"

"அப்பறம் என்னம்மா?"

"நான் பேசி விக்கலங்க. கூவி விக்கிறேன்."

"கொஞ்சம் மெதுவாக் கூவுங்களேன்."

சௌந்தரவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெருமுனையில் நிற்பதுபோல் மூச்சை இழுத்து, "சங்கரா..." என்று எடுத்தாள். கீழ்செட்டு துள்ளி டாக்டரின் கோட்டில் பட்டு, கருவிகள் இருந்த தட்டில் விழுந்தது. வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. பிறகு ஒரு கிழவர், "சங்கரா என்னா வெல?" என்று விசாரித்தார். பிரதீபா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் போனில், "அப்பறம் கூப்புடுறேன்" என்றார். செட்டைக் கழுவி மாட்டி, அவளை மறுபடி வாய் திறக்கச் சொல்லி, முதல் தடவையாக நாக்குக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"ஓரம் ஒசரமா இருக்கு. வாயத் தொறக்கறப்ப நாக்கு தூக்கி விட்டுடுது."

"இத மொத நாளே பாத்திருக்கலாமுல்ல?"

"அன்னிக்கி நீங்க கத்திக் காட்டலயே."

"எங்க கத்த விட்டீங்க? நான் வாயத் தொறந்தா நீங்க பஞ்ச வக்கிறீங்க. மூடுனா போன் பேசப் போயிடுறீங்க."

அவர் அரத்தை எடுத்தார். ஓரத்தைக் கொஞ்சம் ராவி மாட்டினார். "கூவுங்க" என்றார். கழன்றது. மறுபடி ராவினார், மறுபடி கூவச் சொன்னார். பல்வலியோடு வந்திருந்த ஒருவர், இந்தச் சத்தத்துக்கு வலியே தேவலை என்று முணுமுணுத்து எழுந்து போனார். கடைசியில் செட்டு லேசாக அசைந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் காலை, வெந்நீர் குடித்துவிட்டு வந்து, கோவில்பத்துத் தெருமுனையில் கூடையை இறக்கிக் கூவினாள். குரல் கொஞ்சம் கரகரத்தாலும் தெரு முழுக்கப் போனது. மாடி வீட்டுக் கனகாம்பாள் பாத்திரத்தோடு இறங்கி வந்தாள்.

"என்னாக்கா, இத்தன நாளா ஆளயே காணும்? ஒடம்பு சரியில்லயா?"

"தெனம் இங்கதான் நின்னேன்" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, சௌந்தரவல்லி தராசை எடுத்தாள்.