புவனேஸ்வரி திரையில் ஓட்டிய டிப்பர்கள்

தொப்பம்பட்டிப் பக்கத்து வெங்காயக்காட்டுப் பெண் புவனேஸ்வரிக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஆனாலும் செம்பட்டி பைபாஸ் வேலையில் எட்டு டிப்பரையும் தினமும் ஓட்டுவாள், கம்ப்யூட்டரில். மண் ஏற்ற எத்தனை நிமிடம், போக, கொட்ட, திரும்ப எத்தனை என்று கொடுத்தால், நாளைய வேலையை இன்றைக்கே திரையில் ஓட்டிப் பார்த்துவிடலாம். இருபது வருடமாக மண்ணில் நிற்கும் சூப்பர்வைசர் நான். எனக்கே படம் காட்டுகிறாளாக்கும் என்று கடுப்பாக இருந்தது.

நாளுக்குத் தொண்ணூற்றாறு நடை வரும் என்றது திரை. நிஜத்தில் எழுபதைத் தாண்டவில்லை. மழைக்கு முன் ரோட்டுக்கான மண்கரை உயர்ந்தாக வேண்டும். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஓட்டை வண்டியை நிறுத்திவிட்டு வேறு பிடியுங்கள் என்றார் முதலாளி. ஓட்டை வண்டி என்றால் எட்டில் பழசும் மெதுவானதுமான சடையாண்டியுடையதுதான். அவர் வீட்டில் ஐந்து பேருக்கும் அதுதான் சோறு.

"ஒன் கம்ப்யூட்டரு ஒரு மனுசன் சோத்துல மண்ணள்ளிப் போடப் போகுது" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க தப்புன்னு தெரியாம யாரையும் நிறுத்தக் கூடாதுங்கண்ணா."

இரண்டு நாள் கண்மாயில் மண் அள்ளும் இடத்திலேயே கடிகாரத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, எட்டு வண்டியும் சேர்ந்தே வருதுங்க. அப்புறம் இருபது நிமிசம் மண்ணள்ற பொக்லைன் சும்மா நிக்குது. கம்ப்யூட்டர்ல வேகமான வண்டி முந்திப் போயிரும். இங்க சடையாண்டியண்ணன் வண்டிய ஒருத்தரும் முந்தறதில்லைங்களே?"

தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாகப் போயிற்று. டிரைவர் கிளெமென்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"முந்துனா அண்ணனுக்கு நடை கொறையும். மொதல்ல அவரத்தேன் வேலைய விட்டு அனுப்புவீக. எல்லாருக்கும் ஒரே நடைன்னா யார அனுப்புவீக?"

யாரும் முந்துவதில்லை என்பதையும் புவனேஸ்வரி கம்ப்யூட்டரில் போட்டாள்; திரையிலும் எழுபதுதான் வந்தது. பிறகு சடையாண்டியின் வண்டியை மட்டும் கண்மாயிலிருந்து எடுத்து, பாலத்தடியில் ஜேசிபி அள்ளும் மண்ணுக்கு மாற்றினாள். அரைக் கிலோமீட்டர்தான், வேகம் தேவையில்லை. ஓடவிட்டாள். நூறைத் தாண்டியது. அன்றைக்கு அவளுக்கு டீ நான் வாங்கிக்கொடுத்தேன்.

சடையாண்டியிடம் ஒளிக்காமல் அவளே சொன்னாள்.

"அம்புட்டுப் பேரும் எனக்காகவா பின்னாடியே வந்தாய்ங்க? நம்ம வண்டிய ஒருத்தனாலயும் முந்த முடியலைன்னுல்ல மூணு மாசமா வீட்ல சொல்லிக்கிட்டுத் திரியிறேன்" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் காலை பாலத்துக்குத் திரும்பும் இடத்தில், பின்னால் வந்த கிளெமென்ட் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். சடையாண்டி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முன்னே போ என்று காட்டினார்.