அடங்கக் கூடாத பிள்ளை

எங்கள் மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடத்தில் மனைவி நாலாவது தடவை கர்ப்பமானாள். மகளைவிடக் கொஞ்சமே மூத்த பெண்களோடு கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கான வகுப்பில் உட்கார அவளுக்கு வெட்கம். வீட்டுக்கு வந்த மருத்துவமாதுதான், இப்போது போனிலேயே வகுப்பு நடக்கிறது, வீட்டிலிருந்தே கேட்கலாம், முகம் காட்டத் தேவையில்லை என்றார்.

ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. படகு இழுக்கும் கரைக்குப் போனால்தான் குரல் தெளிவாக வரும். அதனால் வகுப்பு நாட்களில் பின்னேரம் ஒரு கதிரையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடப்பேன், அவள் மெல்ல வருவாள். அவள் கதிரையில் இருந்து கேட்பாள். நான் படகோரம் சாய்ந்து அரைத் தூக்கத்தில் கேட்பேன். போன் என்னுடையது. அதில் முகப்புப் படமாக எங்கள் படகு இருந்ததால், படிப்பிக்கிற மிஸ் அவளை "படகுப் படம் போட்ட அம்மா" என்றுதான் கூப்பிடுவா.

கடைசி மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கி மணலில் நடக்க முடியவில்லை. என்னைப் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள். அன்று கடலால் வந்து நான் கண் மூடியிருக்கவில்லை. காலையில் வயிற்றுப் பிள்ளை எப்படி என்று கேட்டபோது, "அடங்கிட்டுது" என்றிருந்தாள். எங்களுக்கு அது நல்ல சொல். காற்று அடங்கிட்டுது, கடல் அடங்கிட்டுது என்றால் தொழிலுக்குப் போகலாம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மாமியும், மாதம் முற்றினால் உள்ளே இடம் காணாது, பிள்ளை அடங்கும் என்றா. இனியாவது அவள் நித்திரை கொள்வாள் என்று நானும் சந்தோசப்பட்டேன்.

கரையில் தனியே நின்று கேட்டேன். மிஸ் அன்று வயிற்றில் பிள்ளை அசையும் துடிப்பைப் பற்றிச் சொன்னா.

"கடைசி மாதத்திலை பிள்ளை அடங்கும் எண்டு ஊரிலை சொல்லுவினம். அது பிழை. பிறக்கும்வரைக்கும் துடிக்க வேணும். துடிப்புக் குறைஞ்சால் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

காலையில் அவள் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. ஒருவேளை பிள்ளை நித்திரையாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். நான் மீனவர் சங்கக் கூட்டத்திலேயே வாய் திறக்காதவன். இதில் முழுக்கப் பெண்கள். மைக் அடையாளத்தை விரலால் அழுத்தினேன்.

"மிஸ், என்ரை மனிசிக்குப் பிள்ளை காலமையிலையிருந்து அடங்கிக் கிடக்குது. பறவாயில்லையோ?"

"படகு அம்மாவுக்கு மீசை முளைச்சிட்டுது" என்று ஒருத்தி சொல்ல, இன்னும் சிலர் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

"அண்ணை, போனை வையுங்கோ. இப்பவே அவவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

மனைவி லேசில் வரச் சம்மதிக்கவில்லை. மூன்று பெற்றவளுக்குத் தெரியாதது போனுக்குத் தெரியுமோ என்று ஆட்டோவுக்குள்ளும் ஏசிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். இன்னொரு பக்கம் அழுத்தினாள். பிறகு மன்னார் டவுன் வரும்வரை அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத் துடிப்பை அறிய வயிற்றில் மெஷின் பட்டி கட்டிப் பார்த்தார்கள். இதயம் அடிக்கிறது, ஆனால் பிள்ளை களைத்துவிட்டது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டார்களோ என்று மட்டும் கேட்டாள்.

வெளியே சுவரோரம் இருந்த நீள வாங்கில் உட்கார்ந்தேன். செபம் சொல்லத் தொடங்கினால் பாதியில் மறந்துபோனது. உடுப்பில் மீன் மணம். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். அதற்காக வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஒரு தாதி கதவைத் திறந்து பெண் பிள்ளை என்றா.

"அழுதவளோ?" என்று கேட்டேன்.

"அழுதவள் அண்ணை. கொஞ்சம் பிந்தித்தான் அழுதவள். அம்மாவும் சுகம். வந்து பாருங்கோ."

எழும்பப் பார்த்தேன். பாதியில் மறந்த செபம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாறன் என்று சொல்லிவிட்டு, அந்த வாங்கிலேயே இருந்து அதைச் சொல்லி முடித்தேன்.