கலக்கல் நாளில் கேட் பாஸ் கேட்டவன்

எங்கள் வண்டி முன் ஜன்மத்தில் ஆம்புலன்ஸ். ஏதோ ஆஸ்பத்திரி கழித்துக் கட்டியதை என் மனைவி பேரம் பேசி வாங்கி, ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் கட்டிலும் ஆக்ஸிஜன் உருளை நின்ற இடத்தில் கேஸ் அடுப்பும் வைத்து, கேரவன் என்று பெயர் சூட்டினாள். வெள்ளைக்கு மேல் பச்சை அடித்தோம். ஆனாலும் வெயில் சாய்ந்து விழும்போது பழைய எழுத்துகள் பெயின்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். எங்கே நிறுத்தினாலும் யாராவது ஓடி வந்து, "ஆர்க்கா சுகமில்லாத்தது?" என்று நோயாளியைத் தேடுவார்கள். அவள் என்னைக் காட்டுவாள்.

இந்த வண்டி வந்ததற்கு முழுக் காரணம் என் வாய்தான். மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்குக் கிடங்கு ஒன்றின் வாசலில் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தவன் நான். கேட் பாஸ் இல்லாமல் ஒரு மூட்டை வெளியே போகாது. ஒரு ஆள் உள்ளே வர முடியாது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன் ஊர் சுற்றும் ஆசை பற்றிப் பேசுவதற்கு என்ன செலவு? "ரிட்டயர் ஆகட்டும். ஒரு வண்டியை எடுத்துக்கிட்டு ராஜஸ்தான் வரைக்கும் போயிடுவோம்" என்று வருஷக்கணக்கில் அளந்தேன். அவள் தென்காசிக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து மட்டாஞ்சேரியின் ஈரத்தோடு சண்டை. செருப்பில் பூஞ்சை, பட்டுப்புடவையில் பூஞ்சை, எங்கள் கல்யாண போட்டோவில் என் முகத்தின் மேல் மட்டும் பூஞ்சை. பாலைவனம் என்ற சொல்லை அவள் பாயசம் என்பது போல உச்சரிப்பாள். நான் பேசிக்கொண்டிருந்தேன், அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றல்ல என்பது ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதல் பயணத்தில் திருப்பூணித்துறை தாண்டவில்லை. வீட்டைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்து திரும்பிவிட்டோம். பூட்டித்தான் இருந்தது. அடுத்த முறை ஆலப்புழை போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்தேன். "இதே கடல்தானே நம்ம ஊர்லயும் இருக்கு" என்றேன். மாலைக்குள் வீடு. மூணாறு கிளம்பிய முறை மூவாற்றுப்புழையில் டயர் சத்தம் சரியில்லை என்று கண்டுபிடித்தேன். டயர் வேலைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, டயரில் ஒன்றுமில்லை என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"ரோட்டோரத் தட்டுக்கடை போட ஒருத்தர் வண்டியைக் கேட்டுக்கிட்டிருக்கார்" என்றாள். "கடைசியா ஒரு வாய்ப்பு தர்றேன். கும்பளங்கியில எனக்குத் தெரிஞ்ச சேச்சி வீட்ல இறால் கெட்டு இருக்கு. வண்டியை அங்க நிறுத்திக்கலாம். வேலை செஞ்சா சாப்பாடு. சீசன் முடியற வரைக்கும் வீட்டுப் பக்கம் வராம இருந்தீங்கன்னா ராஜஸ்தான். நடுவுல ஓடி வந்தீங்கன்னா தட்டுக்கடை. அதுக்கப்புறம் ஒரு ஊர்ப் பேரும் என் காதுல விழக் கூடாது."

"கும்பளங்கியா? அது நம்ம கொல்லைப்புறமாச்சே!"

"கொல்லைப்புறத்துலயாவது நிக்கறீங்களான்னு பார்ப்போம்."

கெட்டு என்பது வயல்தான். மழைக்காலத்தில் நெல், அறுப்பு முடிந்ததும் காயல் தண்ணீரை உள்ளே விட்டு விஷு வரைக்கும் இறால். அந்தச் சேச்சியும் அவள் கணவனான சேட்டனும் கெட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். போன மறுநாளே என் மனைவி வலையில் வந்ததைத் தரம் பிரித்துக் கொட்டுவதில் சேச்சிக்குப் போட்டியாகிவிட்டாள். எனக்குக் கிடைத்தது வரப்பு. சேட்டன் சேறு வெட்டித் தருவார், அரித்துப்போன இடங்களில் நான் அப்ப வேண்டும். அப்பினேன். கேக்கின் மேல் கிரீம் தடவியது போல வழவழவென்று இருந்தது.

"சேட்டா, அதொண்ணு நல்லா சவுட்டிக் கொடுக்கணும்" என்றார் அவர், காலால் மிதித்துக் காட்டி.

"அறியாம், அறியாம்" என்றேன்.

தெரியும் என்று அர்த்தம். மலையாளத்தில் எனக்கு மிகப் பிடித்த சொல் இது. இதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் விளக்க மாட்டார்கள், நாமும் கேட்க வேண்டியதில்லை. நான் மிதிக்கவில்லை. செய்த அழகை நானே கெடுப்பானேன்?

வீட்டுக்கு ஓட ஒரே ஒரு முயற்சி செய்தேன். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். அவள் பின்னாலேயே வந்து, "எந்தப் பல்லு, காட்டுங்க" என்றாள். காட்டினேன். "அது போன வருஷமே பிடுங்கினது" என்றாள். திரும்பி வந்து சேறு அப்பினேன்.

ஒருநாள் மாலை சேட்டன் வலைகளைச் சுருட்டிக்கொண்டே, "நாளெ கலக்கலல்லே சேட்டா. ஞங்ஙள் வெளுப்பினு தோப்பும்படிக்குப் போகும். சேட்டன் சும்மா கண்டிருந்நா மதி" என்றார். விடியற்காலையில் அவர்கள் கிளம்புகிறார்கள், நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்ற வரை புரிந்தது. கலக்கல் என்றால் என்ன? தீவனம் கலப்பதாக இருக்கும் என்று நினைத்தேன். வாய் சொன்னது: "அறியாம்."

விடிந்ததும் சேட்டனும் சேச்சியும் இறால் பெட்டிகளை விற்கத் தோப்பும்படிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவி குடத்தோடு எதிர் வரப்புப் பக்கம் தண்ணீருக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கெட்டின் வாசலில் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வாசல், ஒரு நாற்காலி, நான். கும்பளங்கிக்கு வந்து அன்றுதான் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. கூடை, கைவலை, தெர்மோகோல் பெட்டி. ஒருத்தர் கையில் பிரஷர் குக்கர். லுங்கியை மடித்துக் கட்டிய ஆண்கள், புடவையைச் செருகிய பெண்கள், எல்லார் வாயிலும் பாட்டும் கூச்சலும். திருட்டு இவ்வளவு சந்தோஷமாக நடந்து நான் பார்த்ததில்லை.

எழுந்து கையை நீட்டி மறித்தேன். "எவிடெப் போகுந்நு?"

"கலக்கான்!"

பழக்க தோஷம். "பாஸ் எவிடெ?" என்றேன்.

முன்னால் நின்ற கூடைக்காரச் சேச்சி, "எந்து பாஸ் அண்ணாச்சி? இது கெட்டல்லே, சினிமா தியேட்டரொந்நும் அல்லல்லோ!" என்றாள். சிரிப்பு வரப்பு முழுக்க உருண்டது.

"ஓனர் இல்ல! ஆரும் இறங்கான் பாடில்ல!" யாரும் இறங்கக் கூடாது என்று கத்தினேன்.

"இந்நு நாட்டுகாரு முழுவன் ஓனரா!"

இன்றைக்கு ஊரே முதலாளியாம். கேரளத்தில் புரட்சி மிச்சம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது என் டியூட்டியில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எதிர் வரப்பிலிருந்து மனைவி கையை ஆட்டி என்னவோ கத்தினாள். நானும் கையை ஆட்டி, "தெரியும், தெரியும்! நான் பார்த்துக்கறேன்!" என்று கத்தினேன். பிறகு வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, வரப்புக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். இனி ஒரு ஈ நுழையட்டும் பார்க்கலாம்.

நான் நிறுத்திய இடம் நான் அப்பிய இடம். அந்தக் கிரீம் முதலில் பெருமூச்சு விட்டது. பிறகு பின்சக்கரம் இறங்கியது. பிறகு கேஸ் அடுப்பு, கட்டில், நான் என்று எல்லாரும் ஒருபக்கமாகச் சாய்ந்து மெதுவாகக் கெட்டுக்குள் போனோம்.

"ஐயோ, ஆம்புலன்ஸ் விளிக்கூ!" என்று ஒருவர் கத்தினார்.

"வீணதே ஆம்புலன்ஸாடா!" என்றார் இன்னொருவர், பச்சைக்கு அடியில் தெரிந்த எழுத்தைப் பார்த்து. விழுந்ததே ஆம்புலன்ஸாம்.

தண்ணீர் இடுப்பளவுதான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். மறுகரையிலிருந்தும் ஆட்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். அந்தத் திருட்டுக் கும்பலின் நடுவில், சேற்றில் நின்றபடி, குடத்துக்குள் ஒரு கரிமீனைத் திணித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"அங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

"திருடனைத் தடுக்கறேன். நீ?"

"திருடிக்கிட்டிருக்கேன்." பக்கத்தில் வந்தாள். "குத்தகை நேத்தோட முடிஞ்சுது. அவங்க பிடிக்க வேண்டியதைப் பிடிச்சாச்சு. மிச்சம் இருக்கறதை ஊர்க்காரங்க இறங்கிக் கலக்கிப் பிடிச்சுக்கலாம். வருஷா வருஷம் நடக்கறதாம். உங்களுக்கும் சேட்டன் சொன்னாராமே?"

"சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தலையை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை வரும் இலவச மீனைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் வந்து வண்டிக்குக் கயிறு கட்டினார்கள். நான் பாஸ் கேட்டு நிறுத்தியவர்கள்தான். இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருவர் "பாஸ் எவிடே" என்று ராகம் போட, மற்றவர்கள் "ஐலசா" என்றார்கள். அந்தப் பாட்டு இந்நேரம் கும்பளங்கியைத் தாண்டியிருக்கும்.

வண்டி கரையேறி, எல்லாக் கதவு வழியாகவும் தண்ணீரைக் கக்கியது. கூட்டம் மீனுக்குத் திரும்பியது. அவள் மட்டும் வரப்பில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கேலி இல்லை. வருஷக்கணக்கில் என் வாய்ப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முகம் இதுதானா என்று அப்போதுதான் பார்த்தேன்.

"வித்துடலாமா?" என்றேன். பெருந்தன்மையாகத்தான் கேட்டேன். குரலில் கொஞ்சம் ஆசை கலந்துவிட்டது.

"சீசன் எப்ப முடிஞ்சுது?"

"நேத்து."

"அதுவரைக்கும் இங்க இருந்தீங்களா, ஓடிட்டீங்களா?"

யோசித்தேன். தப்பிக்க ஒரு வழியும் தெரியவில்லை. "இருந்தேன்."

"அப்ப நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்று எழுந்து சேலையைப் பிழிந்தாள். "வண்டி காயும்."

தோப்பும்படி மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உலர்த்திக் கொடுத்தார். ஸ்டியரிங் பக்கம் என்னை விடவில்லை, அவளே உட்கார்ந்தாள். பாலக்காடு தாண்டியதும் இருக்கைக்கு அடியிலிருந்து செத்த இறாலின் வாசனை சூடாகக் கிளம்பியது. நான் தொண்டையைக் கனைத்தேன். இன்னும் என்ன சொல்வது என்றுகூட முடிவு செய்யவில்லை.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "சொல்லிடுங்க. பல்லு, டயரு, பூட்டு, எதுவா இருந்தாலும் இப்பவே மொத்தமாச் சொல்லி முடிச்சுடுங்க. கோயமுத்தூர் டிராஃபிக்ல எனக்குக் காது கேக்காது."