‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லோடு பம்பாயில் மூன்று நாள்

முதல் நாள், மாலை

தாதரில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. திருநெல்வேலியில் ஏறியதிலிருந்து இரண்டு பகலும் ஓர் இரவும் ரயிலிலேயே போயிருந்தன. கூட வந்தவள் என் அக்கா மகள் பவானி. இருபத்தேழு வயது, திருநெல்வேலியில் ஒரு டிராக்டர் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். தாராவியிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சுதாகர், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம், ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. செம்பூரில் சொந்த வீடு என்று தரகர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு முழங்கால் வலி, அத்தான் துபாயில். அதனால் மாப்பிள்ளை வீடு பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தென்காசியில் என் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பெண்ணே கூட வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. “நான் இருக்கப்போற வீட்ட நான் பாக்காம வேற யாரு பாக்க?” என்று பவானி ஒற்றைக்காலில் நின்றாள்.

செம்பூரில் தங்க ஏற்பாடு. குர்லாவில் வண்டி மாறிப் போகவேண்டும். பெண்கள் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் பலகையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு பெண் வந்து நின்று, “தோடா அட்ஜஸ்ட் கரோ” என்றாள். ஒருவரும் போனிலிருந்து தலை நிமிரவில்லை. மூன்று உடம்பும் விரற்கடை நகர்ந்தன. நான்காவதாக அவள் உட்கார்ந்தாள்.

“பாத்தியா, சண்டை இல்ல, சத்தம் இல்ல” என்றேன்.

“அவ பாதிதான் உக்காந்திருக்கா சித்தி” என்றாள் பவானி.

லாட்ஜிலும் அதே சொல் காத்திருந்தது. நாங்கள் சொல்லிவைத்த இரட்டைக் கட்டில் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். “சிங்கிள் ரூம்ல ஒரு மெத்தை போட்டுத் தர்றோம் மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார் மேலாளர். வாடகையில் மட்டும் மாற்றமில்லை, ஆயிரத்து எண்ணூறு. நான் கட்டிலில் படுத்தேன். கீழே பவானி புரண்டுகொண்டே இருந்தாள்.

இரண்டாம் நாள்

காலை பத்து மணிக்கு ஆட்டோ பிடித்தோம். சயான் தாண்டி, தாராவித் தொண்ணூறடி சாலைக்குள் நுழைந்ததும் கடைப் பலகைகளில் தமிழ் தெரிந்தது. ஓட்டுநர் விழுப்புரத்துக்காரர். மீட்டர் நூற்று நாற்பத்து மூன்று. நூற்றைம்பதை வாங்கிக்கொண்டு, “சில்ற இல்லக்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்று போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பவானி சிரிக்கவில்லை. துப்பட்டாவின் நுனியைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

சுதாகர் தெருமுனைக்கு வந்து கூட்டிப்போனார். கீழே பெல்ட் தைக்கும் பட்டறை, அண்ணன் நடத்துகிறார். இரும்பு ஏணிப்படி ஏறினால் மேலே ஒரே அறை. இங்கே அதைக் கோலி என்கிறார்கள். சுத்தமான அறை, பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன. அம்மா, அண்ணன், அண்ணி, இரண்டு குழந்தைகள், சுதாகர், அத்தனை பேரும் அதற்குள்தான். அறையின் குறுக்கே ஒரு கம்பியும், சுருட்டிக் கட்டிய ஒரு திரையும் இருந்தன. பவானி அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மதினி, பிரயாணம்லாம் சவுரியமா இருந்துச்சா?” என்று சுதாகரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. தட்டு நிறைய முறுக்கும் ஜிலேபியும் வைத்தார்.

செம்பூர் வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“அது பில்டர் இன்னும் முடிக்கல மதினி. ரெண்டு மூணு வருஷம் ஆவும். அதுவரைக்கும் இங்கன அட்ஜஸ்ட் பண்ணிக்கிட வேண்டியதுதான். இந்தத் தெரக்கி அந்தப் பக்கம் இவுங்க ரெண்டு பேருக்கும்.”

“வேலைக்கு இங்க முயற்சி பண்ணலாம்னு இருக்கேன் அத்தை” என்றாள் பவானி.

“வேலை எதுக்கும்மா? கீழ பட்டறைக் கணக்க நீ பாத்தாப் போதும். வெளி ஆளு வேண்டாம்லா. எல்லாம் அட்ஜஸ்ட் ஆயிரும்.”

அண்ணி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் அக்கா போன் செய்தாள். எனக்கும் அப்போது இந்தச் சம்பந்தத்தில் மனம் இருந்தது. பையன் அடக்கமானவர், குடிப்பழக்கம் கிடையாது, மாமியாரும் அன்பானவர். பம்பாயில் வீட்டுக்குத் தட்டுப்பாடு யாருக்குத்தான் இல்லை? “மெல்ல எடுத்துச் சொல்லுதேன்” என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

மூன்றாம் நாள்

காலையில் கிங்ஸ் சர்க்கிளில் ஓர் உணவகத்தில் சந்திப்பதாகப் பேச்சு. அவர்கள் இருவரும் ஒரு மேசையில், நான் தள்ளி வேறொன்றில் என்பது என் திட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசல்வரை நின்றது. பரிமாறுபவர் எங்கள் மூவரையும் ஒரே மேசைக்குத் தள்ளி, நான்காவது நாற்காலியில் இருந்த குஜராத்திப் பெரியவரிடம், “அட்ஜஸ்ட் கர் லோ சேட்” என்றார். பெரியவர் தன் இட்லித் தட்டை இழுத்து இடம் விட்டார். அதனால்தான் பவானி பேசியதை நான் கேட்க நேர்ந்தது.

சுதாகர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “வீடு சின்னதுதான். தெரியும். கொஞ்ச நாள் நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா...”

“அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க” என்றாள் பவானி. “கோயம்புத்தூர்ல ஒரு மில் ஆபீஸ்ல எட்டு மாசம் வேல பாத்தேன். எங்க மேனேஜர் ஒரு நாள் கதவச் சாத்திட்டு, ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா உனக்கு நல்லது’ன்னான். அன்னைக்கே பையத் தூக்கிட்டு வந்துட்டேன். வீட்ல சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னேன்.”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் ஊருக்குத் திரும்பிய அன்று, சாப்பாட்டுக்காக வேலையை விடுவதா, நாக்கு நீளமாகிவிட்டது என்று அவளைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

சுதாகர் தன் தட்டைத் தள்ளி வைத்தார். “அதுவும் இதுவும் ஒண்ணில்லைங்க.”

“ஒண்ணுன்னு சொல்லல. ஆனா ரெண்டு எடத்துலயும் விட்டுக்குடுக்க வேண்டியது நான்தான். யாரு என்ன விட்டுக்குடுக்கணும்னு அந்த வார்த்தைல இல்லவே இல்ல. ஒங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க.”

பக்கத்தில் பெரியவர் நிதானமாகச் சாம்பார் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஐரோலில வாடகைக்கு ஒரு வீடு” என்றார் சுதாகர் கடைசியில். “தானே ஸ்டேஷன்ல வண்டி மாறி, தெனமும் மூணு மணி நேரம் ரயில்ல போகுது. நாலு வருஷமா நெனச்சுட்டிருக்கேன். அம்மாட்ட சொன்னதில்ல.”

“இன்னைக்குச் சொல்லுவீங்களா?”

“சொல்லுதேன்.”

அவர் முகம் அப்போது தெளிந்திருந்தது. பவானியும் முதல்முறையாகச் சிரித்தாள். இந்தச் சம்பந்தம் கூடிவிடும் என்றே நான் நம்பினேன்.

மதியச் சாப்பாடு தாராவியில். இலை எடுத்ததும் சுதாகர் எழுந்து நின்று, “அம்மா, ஐரோலி பக்கம்...” என்று ஆரம்பித்தார்.

“ஐரோலிக்கி என்னல?” என்றார் அம்மா. குரலில் கோபமில்லை, ஆச்சரியம்தான். கீழே பட்டறை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கையிலிருந்த பாத்திரத்தோடு அப்படியே நின்றார்.

“ஒண்ணுமில்லம்மா. சும்மா” என்றார் சுதாகர்.

பவானி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் சுதாகரின் அம்மா அருகில் போய் உட்கார்ந்தாள். “அத்தை, ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா எனக்கு இது சரிவராது. தப்பா நெனைக்காதீங்க.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பெரியவள் நான் அவளை அதட்டுவேன் என்று எதிர்பார்த்திருக்கவேண்டும். “அவ சொன்னதுதான் மதினி” என்றேன். அவர் முகம் வாடிப்போனது. ஆனாலும் எழுந்து, மீதி ஜிலேபியைப் பொட்டலம் கட்டி என் பையில் வைத்தார்.

சாயங்காலம் சுதாகர் தாதர் வரை வந்து பெட்டியைத் தூக்கிவிட்டார். “நான் அம்மாட்ட கண்டிப்பா பேசுவேன்” என்றார் சன்னலோரம் நின்று.

“பேசுங்க. ஒங்களுக்காகவாவது பேசுங்க. நான் காத்திருப்பேன்னு நெனச்சுப் பேசாதீங்க” என்றாள் பவானி. வண்டி நகர்ந்தது. அவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, பிறகு கூட்டத்தில் நின்றுவிட்டார்.

கல்யாண் தாண்டியதும் அக்கா போனில் வந்தாள். விவரம் சொன்னேன். “ஒன்னைய எதுக்கு அனுப்புனேன்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு எடுத்துச் சொல்ல ஒனக்கு வாய் இல்லையா?” என்று அழுதாள்.

எங்கள் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் மூன்று அறை சும்மா பூட்டிக்கிடக்கும். அங்கேயும் பெண்பிள்ளைகளிடம் இதே சொல்லைத்தான் சொல்கிறோம். நானே கடையில் மாத்திரை வாங்க வரும் எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். பம்பாய்க்கு நெருக்கடி என்ற காரணமாவது இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

“சொல்லமாட்டேன்க்கா” என்றேன். “கோயம்புத்தூர்ல என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட கேளு. கேட்டுட்டு நீயும் அந்த வார்த்தையச் சொல்லாத.”

அக்கா போனை வைத்துவிட்டாள். எதிர்ப் பலகையிலிருந்து பவானி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மலைச்சரிவு இருட்டத் தொடங்கியது.

“சித்தி,” என்றாள், “பசிக்கி.”

ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.