கிணற்று முறை

காலை ஆறரை மணி. முதலில் கண்ணில் பட்டது, வாசல் படலையில் சாத்தியிருந்த சைக்கிள். அதன் பின்னால் கறுத்த தகர டப்பா ஒன்று கட்டியிருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் கிணற்றடியில் நின்றார்.

தெல்லிப்பழைப் பக்கம் வாந்திபேதி பரவியிருந்தது. கிணறுகளுக்கு மருந்து போடும்படி அரசாங்கம் சொல்லியிருந்தது. நான் கொழும்பில் பத்திரிகை வேலையில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன்.

அந்தக் கிணறு அப்பாவுக்கும் அவருடைய தம்பியான சின்னையாவுக்கும் பங்கு. ஒருநாள் அவர் இறைப்பார், மறுநாள் நாங்கள். முறை நாளில் கிணறு முறைகாரனுடையது. அன்று சின்னையாவின் முறை. தண்ணீர் இறைக்கத் துலா மரத்தில் ஆள் ஏறிவிட்டான். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மருந்து விழுந்தால் கன்று கருகிப்போம்," என்றார் சின்னையா.

"கருகாது. மற்ற ஊர்களிலையும் போட்டனாங்கள்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கவுண்மேந்து கள்ளனைப் பிடிக்கட்டும், றோட்டைப் போடட்டும். வேலிக்கு இஞ்சாலை அதுக்கு என்ன அலுவல்? இண்டைக்குக் கிணத்துக்கை கை வைப்பினம், நாளைக்கு உலைப்பானைக்கை வைப்பினம்."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "வரி கட்டுறம், வாக்குப் போடுறம். நோய் வராமல் பாக்கிறதுதான் கவுண்மேந்தின்ரை முதல் வேலை. உனக்கு வாந்திபேதி வந்தால் வேலியைக் கேட்டுக்கொண்டோ வரும்?"

"உங்கடை கவுண்மேந்தைத் துலா மிதிக்க வரச் சொல்லுங்கோ அண்ணை, மருந்தைப் பிறகு பாப்பம்."

துலாவில் நின்றவன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தார். "ஐயா, நீங்களும் பங்குகாரர்தானே. நீங்கள் ஓம் எண்டால் நான் போடுறன்."

அப்பா கிணற்றைப் பார்த்தபடி நின்றார். "இண்டைக்கு அவன்ரை முறை. நாளைக்கு வாருங்கோ."

இன்ஸ்பெக்டரும் எங்கள் வலிகாமத்துக்காரர்தான், முறை என்றால் என்னவென்று தெரிந்தவர். மறுபேச்சில்லாமல் டப்பாவைக் கட்டிக்கொண்டார். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டு அளவெட்டிப் பக்கம் போனார்.

அம்மா கொதிக்க வைத்தாள். என் கடைசித் தங்கைக்கு அப்போது ஏழு வயது. அன்று பின்னேரம் கிணற்றுத் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் விளையாடி, தாகத்துக்கு அங்கேயே அள்ளிக் குடித்தாள். மறுநாள் எங்கள் முறை. அப்பா படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பருத்தித்துறையில் நோய் கூடியதால் இன்ஸ்பெக்டரை அங்கே அனுப்பிவிட்டார்கள் என்று மத்தியானம் தகவல் வந்தது. பொழுதுபட முன் தங்கைக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது.

சின்னையாதான் வண்டி கட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி உள்ளே ஓடினார். "ஆரும் இல்லையோ? கெதியா வாருங்கோ! கவுண்மேந்து ஆஸ்பத்திரி எண்டால் ஆள் இருக்க வேண்டாமோ?" என்று அவர் கத்தியது வண்டியில் இருந்த எங்களுக்குக் கேட்டது. பிள்ளையின் கால் அப்பாவின் மடியில் குளிர்ந்திருந்தது.

தங்கையின் செத்தவீட்டுக்குப் பிறகு ஒரு காலை இன்ஸ்பெக்டர் திரும்ப வந்தார். அன்றும் சின்னையாவின் முறை. அவர் டப்பாவை வாங்கி, தானே மருந்தைக் கரைத்து ஊற்றினார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது. அந்தத் தண்ணீரையே அன்று தோட்டத்துக்கும் இறைத்தார்கள்.

கன்று ஒன்றும் கருகவில்லை.