ஏரிக்குள் கூடும் இடம்

அந்த விஏஓ அம்மாவை நினைத்தால், குடையை விரித்துப் பிடித்தபடி அவர் ஏரிக்கரை மேல் நின்றதுதான் முதலில் கண்ணில் வருகிறது. தொப்பூர் கணவாய்க்குக் கீழே உள்ள ஒரு சிற்றூருக்கு அவர் கிராம நிர்வாக அலுவலர். அன்று விஷவாயு ஒத்திகை. சைரன் ஊதியதும் சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வறண்ட ஏரிக்குள் இறங்கினார்கள். பந்தலில் டீயும் பிஸ்கட்டும் கிடைத்தன. போட்டோ எடுத்தோம். அவர் கீழே இறங்கவே இல்லை.

ஏரியைக் கூடும் இடமாகக் குறித்தவன் நான். ஆட்சியர் அலுவலகத்தில், பேரிடர்ப் பிரிவில் எனக்கு ஒப்பந்த வேலை. கணவாயில் குளோரின் லாரி கவிழ்ந்தால் வாயு எதுவரை போகும் என்று கணினியில் கணக்குப் போட்டு, வரைபடத்தின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு முட்டை வடிவம் எடுத்துக் கொடுப்பேன். காற்றின் வேகம், திசை, வாயுவின் அளவு எல்லாவற்றையும் கேட்கிற அந்த மென்பொருள் மேடு பள்ளத்தைக் கேட்காது. அதற்குப் பூமி கேரம் போர்டு மாதிரி தட்டை. ஏரி அந்த முட்டைக்கு வெளியே இருந்தது. வண்டி நிறுத்தவும் பந்தல் போடவும் வசதி. குறித்துவிட்டேன்.

ஒத்திகை முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "சார், மார்கழியில பாருங்க, பனிமூட்டம் பத்து மணி வரைக்கும் இந்த ஏரிக்குள்ளயே குந்திக்கிட்டு இருக்குது. குளோரினும் காத்தவிட கனம்னு நீங்கதான சொன்னீங்க? அதுவும் இங்கதான வந்து நிக்கும்? மேட்டுக்கு மாத்திக் குடுங்க சார்."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. மாற்றினால் தீயணைப்பு, காவல், சுகாதாரம் என்று மறுபடி எல்லாக் கையெழுத்துக்கும் அலைய வேண்டும். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா" என்றேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். ஒத்திகை தவறாமல் நடந்தது. ஊருக்கு ஏரி நன்றாக மனப்பாடம் ஆனது.

பிறகு ஒரு காலையில் நிஜமாகவே லாரி கவிழ்ந்தது. நாங்கள் பழக்கிய வழியிலேயே சனங்கள் ஓடினார்கள். விஏஓ அம்மா கரைமேல் நின்று, "ஏரிக்கு வேணாம், மேட்டுக்கு ஓடுங்க!" என்று கத்தித் திருப்பியிருக்கிறார். முன்னமே இறங்கிவிட்டவர்களைக் கூட்டிவர, முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். இரண்டு நடை. எல்லாரும் பிழைத்தார்கள். அவருடைய நுரையீரல்தான் பழையபடி ஆகவில்லை. இப்போது நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, மூச்சு வாங்க வாங்க, "அந்த எடத்த மாத்திட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"மாத்திட்டேம்மா" என்று பொய் சொன்னேன்.

அங்கிருந்து நேராக அலுவலகம் போனேன். படத்தில் இடத்தை மாற்ற நாலு நிமிடம் ஆனது. கையெழுத்துகள் எல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் கிடைத்துவிட்டன.