நேற்றைக்கு என்ன கறி

கோழிக்குஞ்சின் கண்ணில் சொட்டு மருந்து விட்டதும் கீழே விட்டுவிடக் கூடாது. அது ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும்வரை கைக்குள் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் கொட்டாரத்தில் வயலை ஒட்டி அண்ணன் போட்டிருந்த பண்ணையில் எனக்குப் பிடித்த வேலை அது. அண்ணன் பிடித்துத் தருவான், நான் சொட்டு விடுவேன். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க அந்த மருந்து. புது உமியின் மணமும் மஞ்சள் பல்பின் சூடும் கைக்குள் குஞ்சின் துடிப்பும் இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. நாங்கள் சண்டை போடாமல் இருந்ததும் அந்த நேரத்தில் மட்டும்தான்.

அண்ணன் கல்ஃபிலிருந்து வந்தபோது அவன் மகளுக்கு மூன்று வயது. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “இந்த மாமா எப்பம் போவாவ?” என்று தன் அம்மாவிடம் கேட்டாள். அன்றைக்கே அவன் இனி விமானம் ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். பண்ணையும், ஜங்ஷனில் ஒரு கோழிக்கடையும் அப்படி வந்தவை. அவை ஓடினால் அவன் வீட்டில் இருப்பான். இல்லாவிட்டால் மறுபடியும் கல்ஃப்.

இரண்டாயிரத்து ஆறில் வடக்கே எங்கோ பறவைக்காய்ச்சல் என்று டிவியில் காட்டினார்கள். எங்கள் பக்கம் ஒரு கோழிகூடச் சாகவில்லை, ஆனாலும் கடையில் ஈ ஓட்ட வேண்டியிருந்தது. பண்ணைக்காரர்களைக் கூட்டி ஒரு கால்நடை டாக்டர் பேசினார். மற்ற நோய்க்கெல்லாம் தடுப்பூசி இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் அனுமதி இல்லை என்று அண்ணன் எழுந்து கேட்டான். ஊசி போட்ட கோழி சாகாது, ஆனால் உள்ளே கிருமி புகுந்து பரவினாலும் நமக்குத் தெரியாமல் போகலாம் என்றார் டாக்டர்.

“அப்பம் கோழி சாவணும், அதப் பாத்துதான் நாம தெரிஞ்சுக்கிடணும், இல்லியா?” என்றான் அண்ணன்.

எனக்கு விலங்கியல் படித்த திமிர். வீடு வந்து சேரும்வரை டாக்டர் கட்சியில் நின்று அவனை உண்டு இல்லை என்று ஆக்கினேன். ஆனால் மறுநாள் கடைக்குப் போர்டு எழுதியவளும் நான்தான். ‘தடுப்பூசி போட்ட ஆரோக்கியமான கோழிகள்’ என்று எழுதினேன். வெள்ளைக்கழிச்சலுக்குக் கொடுத்ததைத்தான் அப்படி எழுதினேன், அதுவும் ஊசியல்ல, சொட்டு. ஊசி போட்டுக் கோழியை வீங்க வைக்கிறார்கள் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாதா என்ன? அழகான கையெழுத்து இருந்தால் புத்தி வேண்டாம் போலிருக்கிறது.

அந்த ஞாயிறு ஒரே ஒருத்தர் வந்தார். வாராவாரம் சர்ச்சில் பூசை முடிந்து வந்து கோழி வாங்கும் கடற்கரைக்கார அக்கா. போர்டை வாசித்தவர் பைக்குள்ளிருந்து எடுத்த பர்ஸை மறுபடியும் உள்ளே வைத்தார்.

“ஊசியும் போட்டுட்டியளா? காய்ச்சல் மட்டும் போராதுன்னா?”

அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தான். அவர் அதைக் கேட்காமல், மேசையில் உட்கார்ந்திருந்த அவன் மகளிடம் குனிந்தார்.

“மக்களே, நேத்தைக்கு உங்க வீட்டுல என்ன கறி வச்சாவ?”

“சாளை மீனு” என்றாள் பிள்ளை.

“அதுக்கு முந்துன நாளு?”

“சாளை.”

அந்த அக்கா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதமாக வீட்டில் கோழி வைக்கவில்லை என்பதை நானே அப்போதுதான் கவனித்தேன்.

“பிள்ளைக்குக் குடுக்க எனக்கே பயமாட்டு இருக்குட்டி” என்றான் அண்ணன். “நல்லா வேவிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதும் தெரியும். ஆனாலும் கை வரல்ல. அந்தப் பயம் போகத்தான் ஊசி கேட்டேன்.”

அவனோடு வாதாடி ஜெயித்ததை நினைத்து வெட்கப்பட்டேன். போர்டை நானே கழற்றினேன். ஆனால் பண்ணை எழவில்லை. மழை தொடங்கும் முன்பே அண்ணன் விமானம் ஏறிவிட்டான்.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். மகளிடம் அவன் முதலில் கேட்பது, “இன்னைக்கு என்ன கறி மக்கா?” அடுப்பில் என்ன கொதித்தாலும் அவள் “கோழி” என்பாள். அப்பாவைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

எட்டு வருஷம் கழித்துக் கேரளத்தில் அதே காய்ச்சலில் வாத்துகள் செத்தன. அந்த வாரம் அண்ணன் என்னிடம், “ஊசிக்கு இப்பமாவது அனுமதி குடுத்தாச்சா?” என்று கேட்டான். இல்லை என்றேன். விலங்கியல் எதுவும் பேசவில்லை. போனை அவன் மகளிடம் கொடுத்தேன். வளர்ந்த பெண், அன்றைக்கும் கோழி என்றே சொல்லி வைத்தாள்.

“எதுக்குட்டி இன்னும் இந்தப் பொய்?” என்றேன்.

“அன்னைக்கு நான் சாளைன்னு சொன்னதுனாலதானே அத்தே, அப்பா போனாவ?”

உடனே அண்ணனைத் திரும்ப அழைத்து, அவள் சொன்னதைச் சொன்னேன்.

“அவகிட்ட குடு” என்றான். ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் கொடுத்தேன். “நீ ஒண்ணும் தப்பாட்டு சொல்லல்ல மக்கா. இப்பம் சொல்லு, இன்னைக்கு என்ன கறி?”

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

“சாளை, அப்பா.”